பிரியாவைக் கொடுத்து வாங்கிய கோப்பை

ராஜசேகரன் தன் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூடக் கூடைக்குள் போட்டதில்லை. பள்ளியில் விளையாட்டு வகுப்பு வந்தாலே வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துவிடும் ரகம். ஆனால் கூடைப்பந்தைப் பற்றி அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று முகப்பேர் கிழக்கில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பாதிப் பேருக்குக் கூடைப்பந்து பற்றி எந்தக் கவலையும் இல்லை. எல்லோரையும்விட அதிகமாக அதை நம்பியவர் ராஜசேகரன்தான், அதுதான் வினை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர் அவர். பகலெல்லாம் சொன்ன தேதிக்குச் சரக்கு அனுப்பாதவர்களிடம் போனில் மல்லுக்கட்டிவிட்டு, மாலையில் வண்டியை நேராகப் பூங்காவை ஒட்டிய கூடைப்பந்து கோர்ட்டுக்கு விடுவார். கம்பி வேலி ஓரத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் வலது ஓரம் அவருடைய இடம். விவரம் தெரியாத யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் போய் நின்று, அவர்களாக எழுந்து போகும்வரை தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பார்.

முகப்பேர் நண்பர்கள் கூடைப்பந்துக் கழகம் என்பது பெயரில்தான் பெரிது. ஒரு கோர்ட், நாலு விளக்குக் கம்பம், முகமது இஸ்மாயில் என்று ஒரு கோச், கங்காதரன் என்று ஒரு தலைவர், பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். ராஜசேகரன் வீட்டுப் பிள்ளை யாரும் அந்த அணியில் இல்லை. இருந்த ஒரே மகனும் புனேயில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனாலும் முகப்பேர்ப் பெண்கள் ஜெயித்தால் அன்றைக்கு அவருக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கும். தோற்றால் அவர் மனைவி சித்ரா அவரிடம் பேச்சே கொடுக்க மாட்டாள்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஆட்ட ஞானம் அல்ல, வாய். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கழகத்தின் வாட்ஸாப் குழுவில் ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜ் போடுவார். ஆட்டக்காரர்கள், அவர்களுடைய பெற்றோர், கழகத்துப் பெரிய மனிதர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று ஊரே அந்தக் குழுவில் இருந்தது. "வணக்கம், நான் உங்கள் ரசிகன் ராஜசேகரன்" என்று செய்தி வாசிக்கிற குரலில் தொடங்கி, நடுவரை ஒரு பிடி, எதிரணியை ஒரு பிடி, சொந்த அணியையும் விடாமல் ஒரு பிடி பிடிப்பார். ஜனம் பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்டுச் சிரித்தது. காய்கறிக் கடையில் ஒரு அம்மாள், "நீங்கதானே அந்த ரசிகன்? குரலை வெச்சே கண்டுபிடிச்சேன்" என்று சொன்ன நாளில், அவர் கத்திரிக்காய் வாங்க வந்ததையே மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார். மனிதருக்குக் கைதட்டல் ஒரு முறை பழகிவிட்டால் பிறகு அது இல்லாமல் சோறு இறங்காது.

அந்த அணியில் அவருக்கு மிகவும் பிடித்தவள் கிருஷ்ணப்பிரியா. பாரிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவள், இப்போது பிளஸ் டூ. ஆள் வளரவே இல்லை. ஆனால் உயரமான பெண்களின் கைக்குக் கீழே புகுந்து ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து ராஜசேகரன்தான் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தார். ஆசையாக வைத்த பெயர்தான். யாரும் குறுக்கே நிற்காமல் தனியாகப் போடுகிற ஃப்ரீ த்ரோவுக்கு அவள் கோட்டில் வந்து நின்றால், "மூச்சு விடு பிரியா" என்று பெஞ்சிலிருந்து கத்துவார். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள், மூச்சு விடுவாள், போடுவாள், விழும். அந்தப் பந்தில் பாதி தன்னுடையது என்று ராஜசேகரன் மனதார நினைத்தார்.

இந்த வருஷம் ஆவடியில் நடந்த மேற்குப் புறநகர் சாம்பியன்ஷிப்பில் முகப்பேர் முதல் முறையாக அரையிறுதிக்கு வந்தது. பூந்தமல்லி அணியோடு மோதி ஒரே ஒரு புள்ளியில் தப்பிப் பிழைத்தது. அன்று வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தபடி ராஜசேகரன் வழக்கம்போல ஒரு வாய்ஸ் போட்டார். என்ன பேசினார் என்று மறுநாள் காலையில் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. வாயில் வந்தது, பேசினார், ஊர் சிரித்தது, அதோடு முடிந்தது. மறுநாள் கம்பெனி வேலையாக ஓசூருக்குக் கிளம்பிப் போனவர், இறுதிப் போட்டியன்று காலையில்தான் ரயிலிலிருந்து இறங்கி நேராக ஆவடிக்கு வந்தார்.

அணி கோர்ட்டில் இறங்கியது. பிரியாவைக் காணவில்லை. அவள் இடத்தில் பனைமரம்போல ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் முழங்காலைத் தொட்டன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுதாவிடம் கேட்டார். சுதாவின் மகளும் அந்த அணியில் ஆடுபவள். "உங்களுக்குத் தெரியாதா சார்? பிரியாவை பேஸ்பால் டீமுக்குக் குடுத்துட்டு இந்தப் பொண்ணை வாங்கியிருக்காங்க. பேரு அகல்யா. பைனலுக்கு முன்னாடி ஒரு ஆளை மாத்திக்கலாம்னு இந்தப் போட்டியில ரூல் இருக்காமே. பிரியா இன்னைக்கு பேஸ்பால் ஸ்டேட் மேட்ச் ஆடப் போயிருக்கா. அவளுக்கு சர்டிபிகேட் கெடைக்கும்னு சொன்னாங்க."

சுதா சொன்னதில் ராஜசேகரன் மனதில் தைத்தது கடைசி வரி மட்டும்தான். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. கூடைப்பந்து என்றால் மாவட்ட அணியில் ஒரு இடத்துக்கு நூறு பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். பேஸ்பாலுக்கு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிபட்ட பிள்ளைக்கு அணியில் இடம் சுலபம், மாநிலப் போட்டியில் கொஞ்ச தூரம் போனால் சான்றிதழ், அதைக் காட்டிக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அதனால் பிளஸ் டூ நெருங்க நெருங்க, நேற்றுவரை கூடைப்பந்து ஆடிய பிள்ளை இன்று கையில் மட்டையோடு நிற்கும். பெற்றோர்களே அழைத்துக்கொண்டு போய் விடுவதும் உண்டு. அந்தக் கூட்டத்தைக் கண்டாலே ராஜசேகரனுக்கு ஆகாது. பிரியாவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள் என்பது அவருக்கு நெஞ்சில் மிதித்த மாதிரி இருந்தது. யாரிடமும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கோபமும் மறந்துபோனது. அகல்யா எகிறிய பந்தையெல்லாம் கொடியில் காய்ந்த துணியை எடுப்பதுபோல எடுத்தாள். பேஸ்பாலில் பந்து எறிகிற பெண்ணாம், கை அசைத்தால் பந்து கோர்ட்டின் மறுகோடிக்குப் போனது. முகப்பேர் ஜெயித்தது. இத்தனை வருஷத்தில் முதல் கோப்பை. ராஜசேகரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு மைதானத்தின் ஓரத்திலேயே நின்று போனை எடுத்தார்.

"வணக்கம், நான் உங்கள் ரசிகன் ராஜசேகரன். கோப்பை நமக்கு. கூடவே இன்னொரு நல்ல சேதி. இத்தனை வருஷமா நாம தோள்ல தூக்கி வெச்சிக்கிட்டு ஆடின ஒரு சுண்டெலி, பைனல்னதும் வளைக்குள்ள ஓடிடுச்சு. எங்கடான்னு தேடினா பேஸ்பால் ஆடப் போயிருக்காம். பேஸ்பால். நம்ம ஊர்ல அதை ஆடுறவங்களும் பாக்குறவங்களும் ஒரே ஆளுங்கதான். ஒரு சர்டிபிகேட்டுக்காக டீமை அம்போன்னு விட்டுட்டுப் போன அம்மணி, அந்தக் காகிதத்தை லேமினேஷன் போட்டுப் பத்திரமா வெச்சுக்கோங்க. சுண்டெலியைக் குடுத்தோம், பனைமரத்தை வாங்கினோம். இருபது வருஷமா பர்ச்சேஸ்ல இருக்கேன், இப்படி ஒரு லாபமான கொள்முதலை நான் பாத்ததே இல்லை."

குழு அதிர்ந்தது. சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. தலைவர் கங்காதரன், "சார், பின்னிட்டீங்க" என்று எழுதினார். யாரோ அதை வேறு குழுக்களுக்கும் தள்ளிவிட்டார்கள். மாலைக்குள் அவருடைய கம்பெனி வாட்ச்மேன் போனிலும் அந்த வாய்ஸ் வந்து சேர்ந்திருந்தது.

வீட்டில் சித்ரா மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம பிரியாவையா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"சும்மா தமாஷ்."

"அந்தப் பொண்ணும் அந்த குரூப்ல இருக்குதானே?"

"இருந்தா என்ன? செஞ்சது உறைக்கட்டும்" என்றார். சித்ரா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் கோர்ட்டில் திருவிழாதான். பாராட்டு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. கோப்பையோடு அணி நிற்கும் ஃபிளெக்ஸ் பேனர் வேலியில் கட்டியாயிற்று. அதில் பிரியா இல்லை. பயிற்சிக்கும் அவள் வரவில்லை. பேஸ்பால் முடிந்து நாளாயிற்றே, கோப்பையைத் தொட்டுப் பார்க்கவாவது வருவாள் என்று ராஜசேகரன் உள்ளூர எதிர்பார்த்தார். வந்தால் கொஞ்சம் முறைத்துவிட்டுப் பிறகு மன்னித்துவிடலாம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தார். இஸ்மாயிலிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"உங்க சுண்டெலி எங்க கோச்? சர்டிபிகேட்டோட செட்டில் ஆயிடுச்சா?"

பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த இஸ்மாயில் நிமிரவில்லை. "சர்டிபிகேட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். மொத மேட்ச்லயே தோத்துட்டாங்க. இனிமே கோர்ட்டுக்கு வரலைன்னு சொல்லிடுச்சு."

"தானா தேடிக்கிட்டது. நான் போறேன்னு நின்னா யார் என்ன பண்றது?"

இஸ்மாயில் பையைக் கீழே வைத்தார். "அது எங்க சார் போறேன்னு சொல்லிச்சு? நான்தான் அனுப்பினேன். அந்தக் கம்பத்துக்குப் பின்னாடி நின்னு அழுதுச்சு. ஆறாங் கிளாஸ்லேர்ந்து ஆடுறேன், பைனல் மட்டும் ஆடிடுறேன் சார்னு கெஞ்சுச்சு. சர்டிபிகேட் கெடைக்கும்மான்னு நான்தான் சமாதானம் சொன்னேன்."

"அப்ப நீங்க ஏன் அனுப்பினீங்க?" ராஜசேகரனுக்குக் கோபம் இப்போது கோச்சின் பக்கம் திரும்பியது. "அந்த மாதிரி ஒரு ஆட்டக்காரியைத் தூக்கிக் குடுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது கோச்?"

இஸ்மாயில் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கிண்டல் செய்கிறாரா என்று அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது.

"சார், நீங்க சொன்னதுதானே" என்றார்.

"நான் என்ன சொன்னேன்?"

"செமி பைனல் அன்னைக்கு. நமக்கு உயரம் இல்ல, பிரியாவுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ போச்சு, இனிமே சுண்டெலியை வெச்சு ஒண்ணும் ஆகாது, அதைக் குடுத்தாவது எங்கேயிருந்தாவது ஒரு பனைமரத்தைப் பிடிச்சிட்டு வாங்கன்னு பேசி அனுப்பினீங்க. கமிட்டியில எல்லாரும் அதைக் கேட்டாங்க. மறுநாளே கங்காதரன் சார் போன் பண்ணாரு. ரசிகர் சொல்றது நியாயம்தானே இஸ்மாயில், பாருங்கன்னாரு. பேஸ்பால் கோச் எனக்குத் தெரிஞ்சவரு. நல்லா ஓடுற பொண்ணு ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருந்தாரு. நான் வேற பொண்ணைத்தான் அனுப்பலாம்னு இருந்தேன். கமிட்டியில பிரியா பேரைத்தான் சொன்னாங்க. கோர்ட் அவங்களது, நான் என்ன சார் பண்ணுவேன்?"

"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் ராஜசேகரன்.

இஸ்மாயில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் இஸ்மாயில் கதை கட்டுகிறார் என்றுதான் ராஜசேகரன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டில் சித்ரா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"செமி பைனல் அன்னைக்கு நான் பிரியாவைப் பத்தி ஏதாவது பேசினேனா?"

"பேசினீங்க" என்றாள் சித்ரா, கத்தியை நிறுத்தாமல். "அதைக் குடுத்துட்டு வேற ஆளைப் பிடிங்கன்னு பேசினீங்க. நான் அப்பவே, பாவம் அந்தப் பொண்ணு, ரெண்டு பந்து விழலைன்னா இப்படியான்னு கேட்டேன். டி.வி. சத்தத்தைக் கூட்டுன்னீங்க."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"உங்களுக்கு எப்படி இருக்கும்? நீங்க பேசிட்டுத் தூங்கிட்டீங்க. கேட்டவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்."

ராஜசேகரன் சோபாவில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்தச் சோபாவும் பிடிக்காமல் எழுந்து நின்றார். போய்விடு என்று விரட்டியதும் அவர்தான், ஏன் போனாய் என்று ஊர் நடுவில் நிற்கவைத்து ஏசியதும் அவர்தான். இரண்டையும் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். இரண்டும் அதே குரலில், அதே வணக்கத்தோடு. அவருக்குக் காது மடல் சுட்டது. வெட்கம் என்ற வார்த்தையை அவர் எத்தனையோ பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நடுவர்களைக் கேட்டால் தெரியும். அது உடம்பில் இப்படி ஏறும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

சனிக்கிழமை ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு பாரிவாக்கம் போனார். பழைய வயல்களில் கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். நடுவில் பழைய ஊர் அப்படியே இருந்தது. பிரியாவின் அப்பா ஜம்புலிங்கத்தின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிர் வைத்தது. இப்போது அவர் செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு குடோனில் சரக்கு ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறார். ராஜசேகரன் வாசலில் நின்று பெயரைச் சொன்னதும், சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்.

"அந்த சாரா நீ? வா சார், உள்ள வா. ஊடு சின்னது, கண்டுக்காத. குந்து சார்." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "வடிவு, யார் வந்துகீறார்னு பாரு. பாப்பா சொல்லிகினே இருக்குமே, அந்த ரசிகர் சார்."

வடிவு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டாள். ராஜசேகரனுக்குப் புரிந்துவிட்டது. இவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஜம்புலிங்கத்தின் சட்டைப் பையில் பட்டன் போன்தான் இருந்தது. அதில் வாட்ஸாப் வராது.

"ஃப்ரீ த்ரோ போடசொல்ல ஒரு சார் மூச்சு வுடுன்னு கத்துவாரு, அத்தக் கேட்டாதான் எனக்குக் கை நிக்கும்னு பாப்பா சொல்லும் சார். எம்பொண்ணுக்கு நாங்களே ஒரு நாள் வந்து கை தட்னதில்ல. வேலைய வுட்டா சோறு இல்ல. நீ யாரு எவரு, நீ வந்து குந்திகினு கத்துறியே. உன்ன ஒரு நாள் பாத்துக் கும்புடணும்னு நினைச்சிகினே இருந்தேன்."

"இல்லைங்க, நான்..." என்று ராஜசேகரன் ஆரம்பித்தார். அதற்குள் பிரியா டம்ளரில் தண்ணீரோடு வந்து நின்றாள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு, "தண்ணி எடுத்துக்கோங்க அங்கிள்" என்றாள். அவர் வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

"பாரு சார், இதான் சேதி" என்றார் ஜம்புலிங்கம். "பைனலுக்கு வேற ஆளு வந்துட்சாம், இத்த வேற ஆட்டத்துக்கு அனுப்ச்சாங்க. அங்க மொத நாளே தோத்துகினு வந்துட்சி. போவட்டும், அது ஒண்ணும் இல்ல. இப்போ கோர்ட்டுக்கே போ மாட்டன்னு குந்திகினு கீது. இன்னாடி ஆச்சுன்னு கேட்டா பரிட்ச கீது, படிக்கணும்னுது. அப்பால யாருக்கும் தெரியாம அழுவுது. நீ ஒரு வார்த்த சொல்லு சார். நாங்க சொன்னா காதுல போட்டுக்காது. நீ சொன்னா கேக்கும்."

ராஜசேகரன் வாயைத் திறந்தார். ஊரையே சிரிக்கவைத்த வாய். ஒரு சொல்லும் வரவில்லை. பிரியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வீட்டில் அவர் தலை நிமிர்த்த முடியாது. அவள் சொல்லவில்லை.

"பரிட்சை முடியட்டும்பா, பாக்கலாம்" என்றாள். "அங்கிளுக்கு லேட் ஆகுதுன்னு நெனைக்கிறேன்."

இனிப்புப் பெட்டியை வடிவு கையில் கொடுத்துவிட்டு அவர் எழுந்தார். வண்டி நிறுத்தியிருந்த தெருமுனைவரை பிரியா கூடவே வந்தாள்.

"ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

"சொன்னா அவரு கோர்ட்டுக்கே வந்துடுவாரு. உங்கள ஏதாவது பண்ணிடுவாரு" என்றாள். அதை அவள் சிரிக்காமல்தான் சொன்னாள்.

"மன்னிச்சிடும்மா. தெரியாமப் பேசிட்டேன்."

"எது அங்கிள்? மொத பேசினதா, ரெண்டாவது பேசினதா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மொத வாய்ஸ் கேட்டப்போ எனக்குக் கோவம் வரல. ரெண்டு பந்து விட்டேன்தான், அவரு சொல்றது சரிதான்னு நெனச்சேன். அதனாலதான் கோச் போன்னு சொன்னதும் போனேன். ரெண்டாவதுதான் அங்கிள். பஸ்ல ஏறினா சர்டிபிகேட்னு கூப்புடுறாங்க. கிளாஸ்ல என்னப் பாத்து லேமினேஷன் போட்டியான்னு கேக்குறாங்க. அத்தினி பேர் கேக்கப் பேசிட்டு, இங்க வந்து எங்க தெருமுனையில யாருக்கும் கேக்காம மன்னிப்பு கேக்குறீங்க."

ராஜசேகரன் குழுவில் சொல்ல வேண்டும் என்று நினைத்தே வரவில்லை. இனிப்பைக் கொடுத்து, இரண்டு வார்த்தை சொல்லி, காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலையை ஆட்டினார். என்னவென்று ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

கொஞ்ச தூரம் வந்து ஏரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பழகிய நாக்கு பழகிய இடத்திலேயே போய் நின்றது.

"வணக்கம், நான் உங்கள் ரசிகன் ராஜசேகரன். பிரியா சர்டிபிகேட்டுக்காகப் போகலை. அந்தப் பொண்ணை அனுப்பச் சொன்னதே நான்தான். சொல்லிட்டு மறந்துட்டேன். மறந்துட்டு, போயிட்டியேன்னு திட்டினேன். அது அழுதுக்கிட்டுத்தான் போயிருக்கு. கோப்பை எடுத்த டீம்ல அதுக்கும் பங்கு இருக்கு. நான் பேசினது கேவலம். அந்தப் பொண்ணுகிட்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

அனுப்பினார். நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்த மாதிரி இருந்தது.

முதலில் வந்தது ஒரு சிரிக்கிற முகம். அடுத்து இன்னொன்று. பிறகு மளமளவென்று கொட்டியது. "சார் வேற லெவல்." "அழற மாதிரியே பண்றாரு பாருங்க." "சுண்டெலிக்கு அஞ்சலி." ராஜசேகரன் அவசர அவசரமாகத் தட்டினார்: இது கிண்டல் இல்லை. உண்மையாகத்தான் சொல்கிறேன். அதற்கு முன்னைவிடப் பெரிய சிரிப்பு. இன்னொரு வாய்ஸ் போட்டார். "தயவு செஞ்சு சிரிக்காதீங்க, நான் சீரியஸா பேசறேன்" என்று கெஞ்சினார். கங்காதரன் எழுதினார்: "சார், இதை அப்படியே பாராட்டு விழா மேடையில பண்ணிக் காட்டணும். மிஸ் பண்ணக் கூடாது."

அவர் என்ன சொன்னாலும் அது தமாஷ்தான். வருஷக்கணக்கில் அவரே அந்த ஊரை அப்படிப் பழக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சிரிப்பும் அவளுடைய போனிலும் விழுகிறது என்று நினைத்தபோது அவருக்கு ஏரியில் போய் இறங்கிவிடலாம் போலிருந்தது. மன்னிப்பு கேட்கிறேன் என்று மூன்றாம் முறையாக அவளை ஊர் வாயில் போட்டுவிட்டார்.

அப்போது குழுவில் பிரியாவின் பெயர் வந்தது. சேர்ந்த நாளிலிருந்து அவள் அதில் ஒரு வார்த்தை போட்டதில்லை. சின்னதாக ஒரு வாய்ஸ்.

"நான் கிருஷ்ணப்பிரியா பேசுறேன். அங்கிள் நெசமாத்தான் சொல்றாரு. எங்க ஊட்டுக்கு வந்து சொல்லிட்டுதான் போனாரு. அவரப் பாத்து யாரும் சிரிக்காதீங்க."

முடிகிற இடத்தில், "யாருகிட்டம்மா பேசற?" என்று ஜம்புலிங்கம் கேட்பதும் அதில் விழுந்திருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. கங்காதரன் தான் எழுதியதை அழித்தார். ஊர் கூடிய இடத்தில் அவர் எந்தப் பெண்ணைக் கேவலப்படுத்தினாரோ, அந்தப் பெண் அதே இடத்துக்கு வந்து அவருக்காகப் பேச வேண்டியிருந்தது. ராஜசேகரன் வண்டியின் மேல் உட்கார்ந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்காதபடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.